ஒன்பது கிலோ அம்ப் உள்ளங்கைக்குள் வந்த கதை

போன சித்திரை விடுமுறைக்கு அக்கா மகன் தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு வந்திருந்தான். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற வயது. கையில் எப்போதும் ஏதாவது ஒரு சர்க்யூட். என் மேசையில் பல வருடங்களுக்கு முன்னால் நானே பூட்டிய அம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், ஒன்று கிடக்கிறது. தூக்கினால் ஒன்பது கிலோவுக்குக் குறையாது. அதன் பக்கத்தில் அவன் கொண்டுவந்த அம்ப் போர்டை வைத்தான். பிஸ்கட் பக்கெட்டை விடச் சின்னது.

“மாமா, உங்க அம்ப் எத்தனை வாட்?”

“ஒரு பக்கத்துக்கு 25.”

“இது 50. அப்ப அந்த ஒன்பது கிலோவும் எதுக்கு?”

நியாயமான கேள்விதான். பெட்டியைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே மூன்று கிலோவுக்கு ஓர் இரும்பு ட்ரான்ஸ்ஃபார்மர், பின்பக்கம் முழுக்க அலுமினியச் செட்டைகள் வைத்த, சூட்டை வெளியே விடுகிற ஹீட் சிங்க். மிச்சப் பாரம், இவை இரண்டையும் தாங்குவதற்காகப் போட்ட தகரப் பெட்டி. பாட்டுக்கு உண்மையாகவே வேலை செய்கிற பாகங்களை மட்டும் கழற்றி எடுத்தால் ஒரு சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். இரும்பும் அலுமினியமும் ஏன் தேவைப்பட்டன, பிறகு எப்படித் தேவையில்லாமல் போயின என்று சொன்னாலே டிரான்சிஸ்டர் அம்பின் அறுபது எழுபது வருடக் கதையைச் சொன்ன மாதிரிதான்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அம்ப் சின்னச் சத்தத்தைப் பெரிதாக்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது எதையும் பெரிதாக்குவதில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் நிறைந்து நிற்கிறது, கீழே மின்நிலையத்துக்குக் குழாய் இறங்குகிறது. நடுவில் ஒரு வால்வு, அதன் சக்கரத்தில் ஒருவர் கை வைத்திருக்கிறார். கீழே பாய்கிற வேகமும் பலமும் அவருடைய கையிலிருந்து வருவதில்லை. அது முழுக்க நீர்த்தேக்கத்தின் பலம். அவர் கை எப்படி அசைகிறதோ அந்த அசைவின் வடிவம் மட்டும் தண்ணீருக்கு வருகிறது. அம்பில் நீர்த்தேக்கம் என்பது பவர் சப்ளை. கை என்பது ரேடியோவிலிருந்தோ போனிலிருந்தோ வருகிற மெல்லிய சிக்னல். வால்வு என்பது டிரான்சிஸ்டர். ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது பவர் சப்ளையின் மின்சாரம்தான், சிக்னலின் சாயலில்.

இதிலேயே சூட்டின் கதையும் தொடங்கிவிடுகிறது. வால்வு முழுக்க மூடியிருந்தால் தண்ணீர் ஓடாது, அங்கே எதுவும் வீணாவதில்லை. முழுக்கத் திறந்திருந்தால் தடையில்லாமல் ஓடும், அப்போதும் வீணாவது சொற்பம். பாதி திறந்து நிற்கும்போதுதான் தண்ணீர் அந்த இடுக்கில் கொந்தளித்துப் பலத்தை இழக்கிறது. டிரான்சிஸ்டரும் அப்படித்தான். அதன் குறுக்கே நிற்கிற வோல்ட்டை அதற்குள் ஓடுகிற அம்பியரால் பெருக்கினால் அதில் பிறக்கிற சூடு எத்தனை வாட் என்று கிடைத்துவிடும். பத்து வோல்ட் தடுத்துக்கொண்டு ஓர் அம்பியர் விட்டால் பத்து வாட் சூடு. ஒரு சின்ன சோல்டரிங் அயனின் சூட்டில் பாதி அது. பாட்டு என்பது ஏறி இறங்குகிற அலை. ஆகவே பாட்டு ஓடும் நேரமெல்லாம் டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில்தான் நிற்கிறது.

சரி, கதைக்கு வருவோம். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டெய்னும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். கொஞ்ச நாளிலேயே ஷாக்லி அதைவிட உறுதியான சந்தி வகையைக் கணக்குப் போட்டு எழுதினார். மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன் இருந்த வெற்றிடக் குழாய்களுக்கு உள்ளே சூடேற்ற ஒரு இழை, நூற்றுக்கணக்கில் வோல்ட், ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வேண்டும். டிரான்சிஸ்டருக்கு டோர்ச் பெட்டரி போதும். கரண்ட் வராத தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குள் பாட்டு நுழைந்தது அதனால்தான். எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்கு டிரான்சிஸ்டர் என்றால் ஒரு பாகமில்லை, ரேடியோவே டிரான்சிஸ்டர்தான். “டிரான்சிஸ்டரை எடு, செய்தி போகுது” என்பார்கள்.

அந்த முதல் தலைமுறை ஜெர்மானியத்தால் ஆனது. அதில் ஒரு நல்ல குணம் உண்டு. 0.2, 0.3 வோல்ட் கிடைத்தாலே திறக்கத் தொடங்கிவிடும். கெட்ட குணம், சூடு தாங்காது. சூடானால் மூடியிருக்கும்போதே கரண்ட் கசியும், அந்தக் கசிவு இன்னும் சூட்டைக் கூட்டும், கூடிய சூடு கசிவைக் கூட்டும். கடைசியில் தானாகவே எரிந்து போகும். இதைத்தான் வெப்ப ஓட்டம் என்கிறார்கள். நுவரெலியாக் குளிரில் வருடக்கணக்காக ஒழுங்காகப் பாடிய செட், கொழும்பில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மத்தியானத்தில் போய்விடுவதற்குக் காரணம் இதுதான். மலைக்காற்று நமக்கு இலவசமாகக் கிடைத்த ஹீட் சிங்க்.

இனி கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். ஒலி அலை மேலேயும் போகும், கீழேயும் போகும். ஒரே டிரான்சிஸ்டர் இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால், பாட்டே இல்லாத நேரத்திலும் அதை நடுவாந்தரமாகத் திறந்து வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் மேலே திறக்கவும் கீழே மூடவும் இடமிருக்கும். இதற்குப் பெயர் கிளாஸ் ஏ. ஒலி சுத்தம். செலவோ பயங்கரம். இரண்டு டிரான்சிஸ்டர் போட்டு 25 வாட் தருகிற கிளாஸ் ஏ அம்ப், கணக்குப்படி மிகச் சிறந்த நிலையிலேயே, ஒரு சத்தமும் இல்லாமல் சும்மா நிற்கும்போது 50 வாட்டைச் சூடாக விட்டுக்கொண்டிருக்கும். 1969இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் லின்ஸ்லி ஹூட் என்பவர் வெளியிட்ட பத்து வாட் கிளாஸ் ஏ சர்க்யூட்டை இன்னும் ஆட்கள் ஆசையாகப் பூட்டுகிறார்கள். நானும் ஒருமுறை பூட்டினேன். மார்கழியில் பாட்டுக்கும் ஆச்சு, கை காயவும் ஆச்சு.

இப்படி வீணாவதைக் குறைக்க வழி, வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது. மரம் அறுக்கிற இரட்டைக் கைவாளைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கை தளர்ந்திருக்கும். அலையின் மேல்பாதிக்கு ஒரு டிரான்சிஸ்டர், கீழ்ப்பாதிக்கு இன்னொன்று. இதுதான் கிளாஸ் பி. சும்மா இருக்கும்போது இரண்டுமே தூங்கலாம், சூடில்லை. முழு வேகத்தில் ஓடும்போது எடுக்கிற மின்சாரத்தில் அதிகபட்சம் 78.5 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும் என்று கணக்கு சொல்கிறது.

இந்த 78.5ஐப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அது காது கிழிய வைத்தால் கிடைக்கிற எண். வீட்டில் நாம் கேட்பது பெரும்பாலும் ஒரு வாட், அதற்கும் கீழே. 8 ஓம் தடையுள்ள ஸ்பீக்கரில் 25 வாட் என்றால் உச்சத்தில் 20 வோல்ட். ஒரு வாட் என்றால் உச்சத்தில் 4 வோல்ட்தான். ஐந்தில் ஒரு பங்கு. செயல்திறனும் அதே கணக்கில் விழுந்து 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு வாட் பாட்டுக்கு ஐந்தரை வாட்டுக்குக் கிட்ட சூடு. என் அம்பின் செட்டைகள் எதற்கென்று இப்போது தெரிகிறதா?

ஆனால் கிளாஸ் பியில் வேறொரு நோய் உண்டு. வாள் திசை மாறுகிற அந்தக் கணத்தைக் கவனியுங்கள். ஒருவர் விட்டுவிட்டார், மற்றவர் இன்னும் பிடித்து இழுக்கவில்லை. வாள் ஒரு நொடி திக்கி நிற்கும். ஜெர்மானியத்தின் இடத்துக்கு 1950களின் நடுவிலிருந்து சிலிக்கன் வரத் தொடங்கியது. சூடு தாங்குவதில் கெட்டிக்காரன், ஆனால் திறக்கவே 0.6 வோல்ட் கேட்கும். மேலே 0.6, கீழே 0.6. நடுவில் 1.2 வோல்ட் அகலத்துக்கு யாருமே வேலை செய்யாத ஒரு வெற்றிடம். அலை அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் தட்டையாகி உடைகிறது. இதற்குக் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்று பெயர்.

இதன் குரூரம் என்னவென்றால், சத்தத்தைக் குறைக்கக் குறைக்க இது அதிகமாகக் காதில் விழும். பெரிய அலைக்கு அந்த 1.2 வோல்ட் ஒரு சின்னக் குழி. விடியற்காலையில் வீட்டில் யாரும் எழும்பாமல் இலங்கை வானொலியைக் கிசுகிசுப்பாக வைத்தால், அந்தச் சின்ன அலை முழுக்கவே குழிக்குள் விழுந்துவிடும். தொடக்ககால டிரான்சிஸ்டர் அம்புகளைப் பற்றி, குரல் கரகரக்கிறது, மணல் மெல்கிற மாதிரி இருக்கிறது என்று பழைய ஆட்கள் குறை சொன்னதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

மருந்து எளிது. இரண்டு பேரையும் முழுக்கத் தூங்கவிடாமல், ஒரு கண் திறந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். அதாவது இரண்டு டிரான்சிஸ்டருக்கும் நடுவில் அந்த 1.2 வோல்ட்டை முன்கூட்டியே கொடுத்து, கொஞ்சம் கரண்ட் எப்போதும் ஓடும்படி செய்வது. இது கிளாஸ் ஏபி. அந்த முன்வோல்ட்டுக்கு பயாஸ் என்று பெயர். நம் வீடுகளில் பல காலமாகப் பாடிய அம்புகள் பெரும்பாலும் இந்த இனம்தான்.

எளிது என்று சொன்னேன். அதில் நான் சுட்டுக்கொண்ட கதையையும் சொல்கிறேன். சிலிக்கனும் சூட்டுக்கு முழுக்க அடங்குவதில்லை. ஒவ்வொரு டிகிரி சூடு ஏறவும், திறப்பதற்கு வேண்டிய வோல்ட் 2 மில்லிவோல்ட் குறையும். 40 டிகிரி ஏறினால் 80 மில்லிவோல்ட். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 60 மில்லிவோல்ட் மாறினாலே டிரான்சிஸ்டரில் கரண்ட் பத்து மடங்கு மாறிவிடும். ஆகவே பயாஸ் அதே இடத்தில் நின்றால் போதாது, ஹீட் சிங்க் சூடாகும்போது பயாஸும் இறங்க வேண்டும். இதற்காகவே ஒரு சின்ன டிரான்சிஸ்டரைக் காவலுக்கு வைத்து, அதைப் பெரிய டிரான்சிஸ்டர்களோடு ஹீட் சிங்கில் ஒட்டிப் பூட்டுவார்கள். அவர்கள் சூடானால் இவனுக்கும் சூடு தெரியும், உடனே பயாஸைக் குறைப்பான்.

1990களின் நடுவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஓர் அம்ப் பூட்டிக் கொடுத்தேன். கம்பி எட்டவில்லை என்று அந்தக் காவல்காரனை ஹீட் சிங்கில் பூட்டாமல் போர்டிலேயே விட்டுவிட்டேன். மாலையில் குளிர்ந்த காற்று, எல்லாம் பிரமாதம். மூன்றாவது பாட்டோ நான்காவது பாட்டோ, ஹீட் சிங்க் சூடேறியது. போர்டில் இருந்தவனுக்கு ஒன்றும் தெரியாது, குளிர்ந்த காற்றை வாங்கிக்கொண்டு அதே பயாஸைக் கொடுத்துக்கொண்டிருந்தான். டிரான்சிஸ்டர் ஷோர்ட் ஆகி, சப்ளை வோல்ட் அப்படியே ஸ்பீக்கருக்கு இறங்கியது. ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளி நின்றுவிட்டது, சத்தம் இல்லை, புகை மட்டும். கோயில் கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்து, “சாம்பிராணி நாங்க போட்டாச்சே தம்பி, நீ வேற எதுக்கு?” என்றார். இன்றைக்கும் ஊருக்குப் போனால் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த, ரேடியோ திருத்துகிற பாஸ் அடுத்த நாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. “ஹீட் சிங்க்ல கைய வச்சுப் பாரு. பத்து வரைக்கும் எண்ண முடிஞ்சா பிழைச்சிடும், முடியலன்னா எங்கேயோ தப்பு” என்றார். தெர்மோமீட்டர் வாங்கியும் அந்தப் பத்து எண்ணுகிற பழக்கம் விடவில்லை.

அந்த அம்பில் வெந்து போனவை டூ என் 3055. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சிலிக்கன் பவர் டிரான்சிஸ்டர் இது. முட்டை வடிவ அடித்தட்டில் ஓர் இரும்புத் தொப்பி, இரண்டு திருகாணித் துளை. 15 அம்பியர், 60 வோல்ட், 115 வாட் வரை சூடு தாங்கும் என்று தாளில் போட்டிருக்கும். மந்தமானது, ஆனால் முரட்டு உடம்பு. இதைக் கழற்றிப் பூட்டாத ரேடியோ பாஸ் யாரும் இருக்க மாட்டார்கள். பின்னாட்களில் போலிகளும் வந்து குவிந்தன. ஒருமுறை கொழும்புக்குப் போனபோது மலிவாகக் கிடைத்ததென்று பத்து வாங்கி வந்தேன். வரிசையாகப் போனதும் சந்தேகம் வந்து தொப்பியை வாளால் அறுத்துப் பார்த்தேன். பழைய நல்ல ஒன்றையும் அறுத்துப் பக்கத்தில் வைத்தேன். பழையதில் சிலிக்கன் துண்டு உடைத்த உளுந்துப் பருப்பு அளவுக்கு இருந்தது. புதியதில் கடுகு.

3055க்கு ஜோடி சேர்க்கிற கஷ்டமும் இருந்தது. இரட்டைக் கைவாளுக்கு எதிரெதிராக நிற்கிற இரண்டு ஆள் வேண்டும். மேல்பாதிக்கு என்பிஎன் என்ற வகை டிரான்சிஸ்டர் என்றால் கீழ்ப்பாதிக்கு அதன் கண்ணாடிப் பிம்பமான பிஎன்பி வகை. அந்தக் காலத்தில் நல்ல சிலிக்கன் பிஎன்பி பவர் டிரான்சிஸ்டர் செய்வது கடினம், விலையும் அதிகம். ஆர்சிஏவில் வேலை செய்த எச். சி. லின் 1956இலேயே இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி சொல்லியிருந்தார். கீழேயும் பெரிய என்பிஎன்னையே போடு, அதன் முன்னால் ஒரு சின்ன பிஎன்பியை வைத்து அதைப் பிஎன்பி மாதிரி நடிக்க வை. 1960களிலும் 70களிலும் வந்த எத்தனையோ அம்புகள் இந்த நடிப்பில்தான் ஓடின. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1967இல் கொண்டுவந்த 303 அதில் பேர் பெற்ற ஒன்று. மேலே ஒரு ஆள், கீழே வேஷம் கட்டிய ஆள் என்பதால் இரண்டு பாதியும் நூறு வீதம் ஒத்துப்போகாது. பிறகு எம்ஜே 2955 போன்ற உண்மையான பிஎன்பி ஜோடிகள் கைக்கு வந்ததும் நடிப்புக்குத் தேவை குறைந்தது.

இவ்வளவு செய்தும் வடிவம் கொஞ்சம் கோணத்தான் செய்யும். அதை நேராக்குகிற வித்தை டிரான்சிஸ்டரை விடப் பழையது. 1927 ஆகஸ்டில் ஹரோல்ட் பிளாக் என்ற பொறியாளர் வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது மனதில் பட்டதைக் கையிலிருந்த செய்தித்தாளிலேயே எழுதிவைத்தார். வெளியே வருவதில் கொஞ்சத்தை எடுத்து உள்ளே போனதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கழித்துவிடு. எதிர்ப் பின்னூட்டம் என்பது இதுதான். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற பஸ் டிரைவரைப் பாருங்கள். கண் ரோட்டில், கை ஸ்டீரிங்கில். பஸ் ஒரு சாண் விலகினால் உடனே திருத்துகிறார். திருத்துகிறார் என்பதே நமக்குத் தெரியாது.

ஆனால் பனிமூட்டத்தில் விளிம்பு தாமதமாகத்தான் கண்ணில் படும். விலகிய பிறகு தெரிகிறது, பதறி அதிகமாகத் திருப்புகிறார், அந்தப் பக்கம் போகிறது, மறுபடி இந்தப் பக்கம். பஸ் ஆடத் தொடங்குகிறது. மந்தமான டிரான்சிஸ்டரைப் போட்டுவிட்டுப் பின்னூட்டத்தை மட்டும் அள்ளிக் கொட்டினால் அம்பும் இப்படித்தான் ஆடும். ஆடாமலிருக்க, மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கிற ஒரு கபாசிட்டரை வைத்து அதை வேண்டுமென்றே நிதானமாக்குவார்கள். அப்படி நிதானமாக்கிய அம்ப், தப்பு மேளத்து அடி மாதிரி சுள்ளென்று வருகிற சத்தத்துக்கு நேரத்துக்கு எட்டாது. மீட்டரில் அளந்தால் சுத்தம், காதில் கேட்டால் கடூரம் என்று இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று பின்லாந்தின் மட்டி ஒட்டாலா 1970இல் எழுதினார். அது பெரிய சர்ச்சையானது. கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார் என்பது என் எண்ணம். 20 வோல்ட் உச்சத்தை 20 கிலோஹெர்ட்ஸில் தொடுவதற்கு ஒரு மைக்ரோசெகண்டுக்கு இரண்டரை வோல்ட் ஏறினால் போதும், அது பெரிய வித்தையில்லை. ஆனாலும் அந்தச் சண்டையால் வேகமான டிரான்சிஸ்டர்களும் ஒழுங்கான முன்கட்டங்களும் வந்தன. நன்மைதான்.

70களின் நடுவில் ஜப்பான்காரர்கள் புதுப்புது டிரான்சிஸ்டர்களோடு இறங்கினார்கள். சோனியும் யமஹாவும் வி-ஃபெட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தன. ஹிட்டாச்சி 1977இல் மொஸ்ஃபெட் என்ற இன்னொரு வகை டிரான்சிஸ்டர் போட்ட அம்ப் விற்றது. அந்த வகை மொஸ்ஃபெட்டில் ஓர் அழகு உண்டு. நல்ல கரண்ட் ஓடும்போது சூடு ஏறினால் தானாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். என் திருவிழா அம்பில் அது இருந்திருந்தால் சாம்பிராணிக் கதையே இல்லை.

நம் மலைக்கு உண்மையாகவே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது ஐசி. ஒரு முழு அம்பையும் ஒரே கறுப்புத் துண்டுக்குள் அடைத்துவிட்டார்கள். டிபிஏ 810, எல்ஏ 4440, டிடிஏ 2030, சான்யோவின் எஸ்டிகே வரிசை. பயாஸும் சூட்டுக் காவலும் உள்ளேயே இருக்கும். பக்கத்தில் நாலைந்து கபாசிட்டர், ஒரு ஹீட் சிங்க், வேலை முடிந்தது. தேயிலைப் பெட்டியின் பலகையை வெட்டி ஸ்பீக்கர் பெட்டி செய்து, எல்ஏ 4440ஐ கார் பெட்டரியில் மாட்டி லயத்துக்கே பாட்டுப் போட்ட ஒரு தலைமுறை எங்களுடையது. பெட்டரி இறங்கினால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சார்ஜ் போட வேண்டும். இறக்கம் சுகம், திரும்பி ஏற்றம்தான் கஷ்டம்.

அந்த கார் பெட்டரியில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. 12 வோல்ட்டை நடுவில் பிரித்தால் மேலே 6, கீழே 6. 4 ஓம் ஸ்பீக்கரில் 6 வோல்ட் உச்சம் என்றால் நாலரை வாட்தான் வரும். இதைத் தாண்ட ஒரு வழி, ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் இரண்டு அம்ப்களிடம் கொடுப்பது. ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கும். அப்போது ஸ்பீக்கருக்கு 12 வோல்ட் உச்சம் முழுக்கக் கிடைக்கும். வோல்ட் இரண்டு மடங்கானால் வாட் நாலு மடங்கு, 18 வாட். பிரிட்ஜ் இணைப்பு என்பது இதுதான். 4440ஐ அப்படி இணைத்துக் காட்டினபோது பக்கத்து லயத்திலிருந்து சண்டைக்கு வந்தார்கள்.

ஆனால் இதுவரை சொன்ன எல்லாமே பாதி திறந்த வால்வுதான். ஐசிக்குள் போனாலும் சூடு சூடுதான். மருமகனுடைய போர்டு இந்த இடத்தில்தான் வேறு பாதையில் போகிறது.

முழுக்கத் திறந்தாலும் முழுக்க மூடினாலும் வீணில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அப்படியானால் பாதி திறப்பதையே விட்டுவிடலாமே. வால்வை ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான தடவை படார் படாரென்று முழுக்கத் திறந்து முழுக்க மூடு. அதிகத் தண்ணீர் வேண்டுமென்றால் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டு, குறைய வேண்டுமென்றால் மூடியிருக்கும் நேரத்தைக் கூட்டு. கீழே ஒரு தொட்டி இருந்தால் இந்தப் படபடப்பெல்லாம் அதில் அடங்கி, சராசரி மட்டும் வெளியே போகும். அம்பில் அந்தத் தொட்டி ஒரு கம்பிச் சுருளும் ஒரு கபாசிட்டரும். இதுதான் கிளாஸ் டி. ‘டி’ என்றால் டிஜிட்டல் என்று கடைகளில் சொல்வார்கள், அது சரியில்லை. ஏ, பி, சி முடிந்து அடுத்த எழுத்து வந்தது, அவ்வளவுதான்.

யோசனை புதிதில்லை. இங்கிலாந்தில் சின்க்ளேர் 1964இல் எக்ஸ்-10 என்று ஒரு கிளாஸ் டி கிட் விற்றார். அது ஒழுங்காக ஓடவில்லை. டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் இல்லை. படாரென்று திறக்க வேண்டியது சோம்பலாகத் திறந்தால், போகிற வழியெல்லாம் பாதி திறந்த நிலைதானே? வேகமான மொஸ்ஃபெட்கள் வந்து, அவற்றை ஓட்டுகிற மூளையும் ஒரே ஐசிக்குள் வந்த பிறகுதான் இது வீட்டுக்கு வந்தது. இன்றைக்கு 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கருக்குப் போகிறது. 25 வாட் பாட்டுக்கு மூன்று வாட்டுக்கும் குறைந்த சூடு. அதற்கு ஒரு நகத்தளவு அலுமினியம் போதும். செட்டைகள் போயின.

ட்ரான்ஸ்ஃபார்மர் போனதும் இதே தந்திரத்தால்தான். சுவரிலிருந்து வருகிற கரண்ட் நொடிக்கு 50 தடவைதான் ஆடுகிறது. அந்த மெதுவான ஆட்டத்தில் ஒவ்வொரு தடவையும் நிறையச் சக்தியைக் கைமாற்ற வேண்டியிருப்பதால் இரும்பு பெரிதாக வேண்டும். ஆட்டத்தைப் பல பத்தாயிரமாக்கினால் ஒவ்வொரு தடவையும் கைமாறுவது கொஞ்சம்தான், கட்டைவிரல் அளவு கரு போதும். லெப்டொப் அடாப்டருக்குள் இருப்பது அது.

மருமகன் தன் போர்டை 19 வோல்ட் லெப்டொப் அடாப்டரில் மாட்டி, என் 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தான். “50 வாட் எங்கேடா?” என்றேன். பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பிரிட்ஜ் இணைப்பு, உச்சம் 19 வோல்ட். 19ஐ 19ஆல் பெருக்கி, 8 ஓமின் இரண்டு மடங்கான 16ஆல் வகுத்தால் 22 வாட்டும் கொசுறும். 50 வாட் என்பது 21 வோல்ட் கொடுத்து 4 ஓமில் அளந்தது. “அப்ப உங்களுதும் இதும் ஒண்ணுதானா?” என்று முகம் கொஞ்சம் சுருங்கியது. ஒன்றேதான். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். உள்ளதைச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டால் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. அவனுக்குப் பிடிபட்டதாம். வயது.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து அம்மாவின் சத்தம் வந்தது. மீடியம் வேவில் திருச்சி வானொலி பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், “இங்க ஒரே இரைச்சலா கொர்ருங்குது, என்ன பண்றீங்க?” என்றார். போர்டை நிறுத்தினோம், இரைச்சல் போனது. போட்டோம், வந்தது. நொடிக்கு நாலு லட்சம் தடவை திறந்து மூடுகிற வால்வு, ஸ்பீக்கர் கம்பியை ஏரியலாக்கி, எட்டு லட்சத்திலும் பன்னிரண்டு லட்சத்திலும் தன் பங்குக்கு ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. மீடியம் வேவ் நிலையங்கள் இருக்கிற அதே வரிசை. மலிவுப் போர்டில் அந்தக் கம்பிச் சுருளைச் சிக்கனமாக வைத்திருந்தார்கள்.

“அம்மாயி, கொஞ்சம் பொறுங்க” என்றுவிட்டு மருமகன் ஸ்பீக்கர் கம்பியை ஒரு முழமாக வெட்டி, இரண்டையும் முறுக்கி, பழைய கம்ப்யூட்டர் கேபிள் ஒன்றிலிருந்து ஃபெரைட் வளையத்தைக் கழற்றி அதில் மூன்று சுற்றுச் சுற்றினான். இரைச்சல் முக்கால்வாசி அடங்கியது. மிச்சக் கால்வாசியை, ரேடியோவை ஜன்னல் பக்கம் நகர்த்திச் சரிசெய்தோம். செய்தி முடியும் வரை போர்டைப் போடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அதுவரை ஒன்பது கிலோ அம்ப்தான் பாடியது.